வெறிக்களமும் ஆலோசனை அறையும்: நஞ்சன்கூட்டை முன்வைத்து விடலைப் பருவ மனத்துயர்ப் பேணுகை வரலாறு

மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 23 கி.மீ. தொலைவில், கபினியும் கௌண்டினியும் கூடுமிடத்தில் அமைந்துள்ள நஞ்சன்கூடு, தமிழாய்வுலகில் பெரிதும் பேசப்படாத ஊராகும். கன்னட நாட்டார் இதனைத் 'தென்காசி' எனப் போற்றுவர். 'கரளபுரி' என்னும் பழம்பெயரும் இதற்கு உண்டு. கரளம் என்பது நஞ்சு. ஆலகாலம் உண்ட இறைவன் உறையும் ஊர் என்னும் பொருளிலேயே இரு பெயர்களும் அமைந்துள்ளன. கங்கபாடி சோழராட்சிக்கு உட்பட்டு முடிகொண்டசோழ மண்டலம் எனப் பெயர்பெற்ற காலத்தில் தமிழ் வழங்கிய பகுதிகளுள் இதுவும் அடங்கும். கொங்கு நாட்டிலும் நீலகிரியிலும் நஞ்சப்பன், நஞ்சம்மாள், நஞ்சன் எனும் பெயர்கள் பரவலாக வழங்குவதற்கு இத்தலத்தின் மீதான நேர்த்திக்கடன் மரபு ஒரு காரணமாகலாம் என்று கருத இடமுண்டு.

இத்தலத்து இறைவன் மருத்துவனாகவே வழிபடப்படுகிறான். திப்பு சுல்தானின் பட்டத்து யானைக்குக் கண்ணொளி குன்றியபோது இங்கு வேண்டுதல் செய்து அது மீண்டதாகவும், அதனால் அவன் இறைவனை 'ஹக்கீம் நஞ்சுண்டன்' என்றழைத்துப் பச்சைக்கல் இலிங்கம் அளித்ததாகவும் கூறும் வழக்கு இன்றும் ஊராரால் சொல்லப்படுகிறது. 1913இல் பி.வி. பண்டிதர் இவ்வூரில் தொடங்கிய சத்வைத்தியசாலையும், அதன் வழித் தமிழ்நாட்டுக் கடைகள் வரை வந்து சேர்ந்த நஞ்சன்கூடு பற்பொடியும் அம்மருத்துவப் புகழின் வேறொரு கிளை எனலாம். நோயுற்றோர் ஆற்றில் மூழ்கி ஈர ஆடையுடன் பிராகாரத்தில் உருண்டு வலம்வரும் 'உருளு சேவை' இங்குச் சிறப்பானது. அவ்வாறு வருவோருள் உடல்நோயினர் மட்டுமல்லர். பேச்சற்றுப் போன பிள்ளையையும், உறங்காத மகளையும் அழைத்துவரும் பெற்றோரும் உளர்.

இக்கட்டுரை அத்தகைய பிள்ளைகளைப் பற்றியது. பன்னிரண்டு அகவைக்கும் பத்தொன்பது அகவைக்கும் இடைப்பட்டோரின் மனத்துயரைத் தென்னாட்டுச் சமூகம் எவ்வாறு அறிந்தது, எங்கே கொண்டுசென்றது, அவர்தம் அன்றாட வாழ்வில் அதனால் நேர்ந்தது யாது என்பவற்றை இலக்கியச் சான்றுகளைக் கொண்டும், மைசூர்ப் பகுதியின் மருத்துவ நிறுவன வரலாற்றைக் கொண்டும் ஆராய இங்கு முயலப்படுகிறது.

தாய் கண்ட நோய்

விடலைப் பருவம் என்பது மேலைநாட்டு உளவியல் தந்த புதுக்கருத்து என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. பாட்டியல் நூல்களோ மகளிர் பருவங்களைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்து, மங்கையையும் மடந்தையையும் தனித்தனியே நிறுத்துகின்றன. ஆடவர்க்கும் மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என நுண்ணிய பகுப்பு உண்டு. இன்று நாம் பதின்ம வயதினரைச் சுட்ட ஆளும் 'விடலை' என்னும் சொல் பாட்டியலில் அதனினும் மூத்த இளைஞனையே குறித்தது என்பது இடையே நினைக்கத்தக்கது. பருவம் பகுக்கப்பட்டிருந்தது. அப்பருவத்தின் துயர் எவ்வாறு அறியப்பட்டது என்பதே வினா.

இதற்குச் சங்க அகப்பாடல்களின் வெறியாட்டுத் துறை மிகப் பழைய சான்றாகிறது. தலைவிக்குப் பன்னிரண்டும் தலைவனுக்குப் பதினாறும் அகவையெனக் களவியல் உரை கொள்கிறது. அவ்வகையில் அகத்தலைவி இன்றைய பள்ளிச் சிறுமியின் வயதினள். அவள் உண்ணாள், உறங்காள், உடல் மெலிகிறாள், நிறம் மாறுகிறாள். தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் கழங்கோ நெல்லோ இட்டுக் குறி கேட்கிறாள். முருகணங்கு என்று விடை வருகிறது. வேலன் வருகிறான், களம் இழைக்கப்படுகிறது, மறி அறுக்கப்படுகிறது. நோயின் காரணம் அச்சிறுமிக்குத் தெரியும். அவளிடம் மட்டும் எவரும் கேட்பதில்லை.

இத்துறைப் பாடல்களைக் காதற்சுவையின் பொருட்டு மட்டுமே படித்துப் பழகியுள்ளோம். அவற்றை ஒரு வீட்டின் நோயறி முறையாகவும் படிக்கலாம். தொல்காப்பியக் களவியல் தலைவி பேசுதற்குரிய இடங்களுள் ஒன்றாக வெறியாட்டின்போது அவள் அடையும் அச்சத்தை எண்ணுகிறது. தவறான மருத்துவம் நோயாளியை அச்சுறுத்தும் என்பதை இலக்கணமே ஏற்றுக்கொண்டது போலும். வெறி பற்றிப் பாடியமையால் வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர்பெற்ற புலவரின் அகநானூற்று 22ஆம் பாடல் இன்னும் கூர்மையானது. சடங்கு நிகழ்ந்த இரவில் தலைவன் வந்து செல்கிறான்; தலைவியின் வாட்டம் நீங்குகிறது; ஊரார் வேலனால் நீங்கியது என்கின்றனர்; அவளோ தனக்குள் நகைக்கிறாள். நலம் பெற்றமையும் நலத்திற்குச் சொல்லப்படும் காரணமும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக உரைப்பது அரிது. நற்றிணை 34ஆம் பாடலில் வெறிக்களத்திற்கு வந்த தெய்வமே தன் பொருட்டு இந்நோய் வரவில்லை என்று அறிந்தும் வந்தமைக்காகத் தோழியால் இடித்துரைக்கப்படுகிறது.

இங்குத் தோழியின் பங்கு தனித்து நோக்கத்தக்கது. அறத்தொடு நிற்றல் என்னும் துறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் மறையை வெளிப்படுத்துவதாக உரையாசிரியர்கள் ஒரு வரிசை கூறுவர். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுமையும் இவ்வரிசையின் ஒரு கண்ணியே: மருந்து அறிவாரையும் குறி அறிவாரையும் வினவி, தெய்வங்களைப் பரவிக் களைத்துப் போன செவிலியிடம் தோழி உண்மையைச் சொல்கிறாள். ஒத்த வயதினளிடம் முதலில் சொல்லுதல், அவள் நம்பத்தகுந்த மூத்தோரிடம் சேர்த்தல் என்ற இம்முறை பின்னர் நாம் காணவிருக்கும் அரசுத் திட்டங்களில் வேறு பெயருடன் மீள்வதைக் காணலாம். எனினும் ஒரு தடை உண்டு. அகப்பாடல் இலக்கிய மரபே அன்றி நோய்க்குறிப்பு அன்று. காமநோய் ஒன்றே அதற்குப் பொருள். மற்ற துயர்கள் அதன் எல்லைக்குள் வருவதில்லை. ஆகவே இதனை அக்காலச் சிறுமியர் அனைவரின் நிலையாகக் கொள்ளுதல் பொருந்தாது.

கோயிலில் கிடத்தல்

நஞ்சன்கூட்டுக் கோயிலின் பிராகாரத்தில் அறுபத்துமூவர் திருமேனிகள் கல்லில் அமைந்துள்ளன. கன்னட நாட்டில் நின்று தமிழ்ச் சைவத்தைப் பேசும் அவ்வரிசையில் திருஞானசம்பந்தரும் உள்ளார். பெரியபுராணம் கூறும் அவர் வரலாற்றில் நம் பொருளுக்கு நேரே தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. கொல்லிமழவன் என்னும் குறுநில மன்னனின் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்துகிறாள். மருத்துவம் எதுவும் பயனளிக்காத நிலையில் தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கொண்டுவந்து கிடத்துகிறான். அங்கு வந்த சம்பந்தர் பதிகம் பாட நோய் நீங்குகிறது. முயலகன் இன்று நாம் வலிப்பு என்பதோடு ஒத்தது எனப் பொதுவாகக் கொள்வர். பாடியவரும் பதினாறு அகவை கடவாதவர் என்பதைச் சேக்கிழார் வழியே அறிகிறோம்.

இந்நிகழ்ச்சியில் அற்புதத்தைச் சமயத்தார்க்கு விட்டுவிடுவோம். வரலாற்று நோக்கில் எஞ்சுவது ஒரு பழக்கம்: வீட்டில் வைத்துப் பார்க்க இயலாத பிள்ளையைக் கோயிலில் சேர்த்தலும் பெற்றோர் உடனிருத்தலும். நஞ்சன்கூடு, குணசீலம் போன்ற தலங்கள் இப்பழக்கத்தின் தொடர்ச்சியே. இதன் பயன் குறித்து அறிவியல் முறையில் ஓர் ஆய்வும் நிகழ்ந்துள்ளது. பெங்களூரு தேசிய மனநல நரம்பியல் கழகத்தைச் (நிம்ஹான்ஸ்) சார்ந்த இரகுராமும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். தங்கியோரின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்குச் சிறப்பான சடங்கு எதுவும் இல்லை, உறவினர் உடனிருந்தனர், கோயில் வேலைகளில் நோயாளிகள் பங்குகொண்டனர், எவரும் அவர்களை வெறுக்கவில்லை. அச்சூழலே நலம் தந்ததாக ஆய்வாளர் கருதினர். சிறு எண்ணிக்கை, ஒப்பீட்டுக் குழு இன்மை ஆகிய குறைகள் அவ்வாய்வுக்கு உண்டு. ஆயினும் காமக்கண்ணியார் எழுப்பிய ஐயத்திற்கு இருபது நூற்றாண்டுகள் கழித்துக் கிடைத்த ஒரு விடையாக அதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

இதன் மறுபக்கம் கொடியது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தனர். அடைக்கலம் தரும் இடமும் பூட்டி வைக்கும் இடமும் ஒரே தெருவில் அமையக்கூடும் என்பதை அது காட்டிற்று. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சமய மையங்களைப் புகழ்வோரும் இகழ்வோரும் இவ்விரு சான்றுகளையும் ஒருசேர நோக்குதல் வேண்டும்.

மைசூர் அரசின் ஏற்பாடுகள்

சென்னையில் மனநோயாளர் இல்லம் 1794இல் தொடங்கிற்று. 1871இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறியது. மைசூர்ப் பகுதியில் பெங்களூரில் 1840களின் பிற்பகுதியில் இத்தகைய இல்லம் உருவாகி, 1925இல் மனநல மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. நஞ்சன்கூட்டாருக்கு அதுவே அரசு வழி. அண்டையிலுள்ள கொள்ளேகாலமோ 1956 நவம்பர் 1 வரை சென்னை மாகாணத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தமையால், சில கல் தொலைவில் வாழ்ந்த இரு குடும்பங்கள் இருவேறு அரசுகளின் ஏற்பாட்டில் இருந்தன. இவ்வில்லங்கள் எவையும் இளையோரைக் கருத்தில் கொண்டு எழுப்பப்பட்டவை அல்ல. காலனிய அரசு கண்ட இளையோன் வேறு. அவன் குற்றம் செய்தவன். 1887இல் செங்கல்பட்டில் அமைந்த சீர்திருத்தப் பள்ளியும், 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டமும் அவனுக்கென ஏற்பட்டவை. துயருற்றும் குற்றம் செய்யாத பிள்ளைக்கு வீடு அல்லாது வேறிடம் இருக்கவில்லை.

இந்நிலையில் மைசூரில் 1924இல் நிகழ்ந்த ஒன்று குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு மைசூர்ப் பல்கலைக்கழகம் உளவியல் துறையைத் தொடங்கியது. கல்கத்தாவிற்கு அடுத்து இந்தியாவில் எழுந்த துறை அது. இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசாமி அதற்குத் தலைமை ஏற்றார். 1935இல் தம் இல்லத்தில் வானொலி நிலையம் ஒன்றை அமைத்து 'ஆகாசவாணி' என்னும் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தவரும் இவரே. அக்காலத்து உளவியல் பெரிதும் அறிவளவையை நோக்கியது. பிள்ளை எவ்வளவு அறிவான் என்பது முதலில் கேட்கப்பட்டது. என்ன நோகிறான் என்பதற்குக் காலம் பிடித்தது. 1937இல் பம்பாயில் டாட்டா சமூகப்பணிப் பள்ளியில் தொடங்கிய சிறார் வழிகாட்டு நிலையமே இந்நாட்டில் அவ்வினாவைக் கேட்ட முதல் நிறுவனமாகக் கருதப்படுகிறது.

1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநலக் கழகம் எம்.வி. கோவிந்தசாமியை இயக்குநராகக் கொண்டு அமைந்தது. 1974 டிசம்பரில் மனநல மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் ஆனது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைப் பல்லாண்டு வழிநடத்திய சாரதா மேனன் பெங்களூரில் பயின்றவர் என்பது இரு மாநிலத்துத் தொடர்பைக் காட்டும். இதே காலத்தில் அமிர்தசரஸில் வித்யாசாகர் நோயாளியின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம் உறவினர் ஒருவருடன் வருவோரையே சேர்த்துக்கொண்டது. கொல்லிமழவன் தன் மகளுடன் கோயிலில் இருந்த முறைக்கு மருத்துவமனை இவ்வாறு திரும்பி வந்தது. இதனை மேலைநாட்டு மருத்துவத்தின் தோல்வி எனச் சிலர் கூறுவர். அவ்வாறு கூறுதல் மிகை. ஊழியர் பற்றாக்குறையும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

மருத்துவமனையிலிருந்து ஊருக்குச் செல்லுதல் அடுத்த படி. 1982இல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது. 1985 முதல் கருநாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழி மனநல மருத்துவம் அளித்துப் பார்க்கப்பட்டது. அப்பட்டறிவின் மீது 1996இல் எழுந்த மாவட்ட மனநலத் திட்டத்தின் முதல் நான்கு மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. திருப்பாச்சிலாச்சிராமம் அம்மாவட்டத்திலேயே உள்ளது என்பது தற்செயல்.

எண்கள் சொல்வன

விடலைப் பருவத்தாரின் துயர் எத்துணைப் பெரிது என்பது நெடுங்காலம் கணக்கில் வரவில்லை. காவல்துறைப் பதிவுகளில் தற்கொலை குறைத்தே காட்டப்பட்டது. குற்றமாக இருந்தமையால் குடும்பங்கள் மறைத்தன. இத்திரையை விலக்கியது வேலூர் மாவட்டக் கணியம்பாடி ஒன்றியத்து ஆய்வு. 1992 முதல் 2001 வரை அவ்வொன்றியத்தில் நிகழ்ந்த இளையோர் இறப்புகளை வீடு வீடாகச் சென்று வினவியறிந்த மருத்துவக் கல்லூரிக் குழுவினர் 2004இல் லான்செட் இதழில் வெளியிட்ட முடிவு அதிர்ச்சியூட்டியது. 10 முதல் 19 வயது வரையுள்ள சிறுமியரில் ஓர் இலட்சத்திற்கு 148 பேரும், சிறுவரில் 58 பேரும் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தனர். அவ்வயதில் இறந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாறே இறந்தவர்கள். சிறுமியர் எண்ணிக்கை சிறுவரினும் மிக்கிருந்தமை உலகின் பெரும்பாலான நாடுகளின் நிலைக்கு மாறானது. ஒரு தமிழ்ச் சிற்றூர்ப் பகுதியில் இது நிகழ்ந்தது என்பதைத் தமிழ்த்துறையினர் உரிய அளவில் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. நாட்டார் வழக்காற்றில் தற்கொலையுண்ட கன்னியரைத் தெய்வமாக்கி வழிபடும் கதைகளைத் தொகுத்துள்ளோம். அக்கன்னியர் என்ன வயதினர், அவர்களிடம் யார் பேசினர் என்று நாம் வினவியதில்லை.

நிம்ஹான்ஸ் ஒருங்கிணைத்த 2015–16ஆம் ஆண்டுத் தேசிய மனநல அளவீடு 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினர்க்கு மனநலக் குறை உள்ளதெனக் கண்டது. அளவீடு நிகழ்ந்த 12 மாநிலங்களுள் தமிழ்நாடு உண்டு. பெங்களூரிலிருந்து வழிநடத்தப்பட்ட அவ்வளவீட்டில் கருநாடகம் இல்லை. எனவே நஞ்சன்கூட்டு வட்டத்தின் நிலையை அண்டை மாநில எண்களைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. தேசியக் குற்றப்பதிவுக் கணக்கின்படி 2022இல் மட்டும் நாட்டில் 13,000க்கும் மேற்பட்ட மாணவர் தற்கொலையால் இறந்தனர்.

பள்ளியும் வீடும்

நஞ்சன்கூட்டு வட்டம் இன்று வேளாண் வட்டம் மட்டுமன்று. தொழிற்பேட்டையும் பெருந்தொழிற்சாலைகளும் வந்துள்ளன. கபினிக் கரையிலுள்ள சுத்தூர் மடத்தின் சார்பில் 1954இல் எழுந்த கல்வி அமைப்பு உண்டுறைப் பள்ளி முதல் மருத்துவக் கல்லூரி வரை விரிந்துள்ளது. இப்பகுதிச் சிறுவனின் நாளில் பெரும்பங்கு பள்ளிக்குரியது. ஆகவே பேணுகையும் பள்ளிக்குச் சென்றது இயல்பே.

நிம்ஹான்ஸைச் சார்ந்த ஸ்ரீகலா பரத், கிஷோர் குமார் ஆகியோர் ஆசிரியரையே பயிற்றுநராகக் கொண்ட வாழ்வியல் திறன் கல்வியைக் கருநாடகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தினர். அதன் பயனை அளந்து 2010இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற 605 மாணவர் பயிற்சி பெறாத 423 மாணவருடன் ஒப்பிடப்பட்டனர். தன்மதிப்பிலும், இடர்களை எதிர்கொள்வதிலும், ஆசிரியரோடும் பள்ளியோடும் இணங்குவதிலும் முன்னவர் மேம்பட்டிருந்தனர். வீட்டில் இணங்குவதில் வேறுபாடு காணப்படவில்லை, நோய்க்குறிகளிலும் இல்லை. ஆய்வாளர் தம் திட்டத்திற்கு ஆதரவல்லாத இம்முடிவை மறையாது தந்தமை பாராட்டுக்குரியது. பள்ளியில் கற்ற பேச்சு வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது என இதனைப் பொருள்கொள்ளலாம். தலைவி தோழியிடம் சொல்ல முடிந்ததும் தாயிடம் சொல்ல முடியாததும் இங்கு நினைவுக்கு வருகின்றன.

2014இல் நடுவண் அரசு தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தார் நலத்திட்டம் 10 முதல் 19 வயதினரைத் தனிப்பிரிவினராக ஏற்றது. அதன் மருத்துவகங்கள் கருநாடகத்தில் 'ஸ்நேஹ கிளினிக்' எனப் பெயர்பெற்றன. ஊர்தோறும் ஒத்த வயதுச் சிறுவர் சிறுமியரைத் தேர்ந்து, சக தோழர்க்கு வழிகாட்டவும் தேவைப்படுவோரை மருத்துவகத்திற்கு அனுப்பவும் பயிற்றுவிப்பது அதன் ஒரு கூறு. அவர்களுக்கு இட்ட பெயர் 'சாத்தியா'. இந்தியில் தோழன், தோழி என்பது பொருள். திட்டம் வகுத்தோர் குறிஞ்சிப்பாட்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. எனினும் வேலனுக்கு முன் தோழியைக் கேட்க வேண்டும் என்ற அறிவுக்கு அவர்கள் தம் வழியே வந்து சேர்ந்துள்ளனர். 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்னும் எண்ணில் இயங்கும் டெலி-மனஸ் சேவையில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறோ அதற்கு மேற்பட்டோ மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுடைய ஆலோசகர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என நெறி வகுத்தது. ஆலோசனை அறை இருப்பதும் அதற்குள் ஒரு பிள்ளை பிறர் அறியாது செல்ல முடிவதும் வெவ்வேறு. சிற்றூர்ப் பள்ளியில் அவ்வறை பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையை ஒட்டியே அமையும்.

சட்டம் சென்ற தொலைவும் நின்ற இடமும் நோக்கத்தக்கன. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குத் தனி மருத்துவமனைகள் அமைக்கலாம் என்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பேணுகைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பெரியோரிலிருந்து தனியே வைக்கவும், பெற்றோரோ பொறுப்பாளரோ மருத்துவமனையில் உடன் தங்கவும், 72 மணி நேரத்திற்குள் மனநல வாரியத்திற்குத் தெரிவிக்கவும் வகை செய்கிறது. 115ஆம் பிரிவு தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு உள்ளானவராகக் கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. கணியம்பாடியில் குடும்பங்கள் மறைத்தமைக்கான காரணம் இதனால் பெரிதும் நீங்கியது. இச்சட்டம் வயது வந்த நோயாளிக்குத் தமக்காகப் பேசும் ஒருவரைத் தாமே நியமிக்கும் உரிமை அளிக்கிறது. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, நண்பராகவும் இருக்கலாம். பதினெட்டு நிரம்பாதார்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்க்குப் பொறுப்பாளரே பேராளர். அப்பொறுப்பாளர் பிள்ளையின் நலனுக்கு ஏற்ப நடக்கவில்லை என விண்ணப்பம் வந்தால் வாரியம் வேறொருவரை அமர்த்தலாம் என்று மட்டும் சட்டம் கூறுகிறது. அவ்விண்ணப்பத்தை அளிக்கக்கூடியவர் மனநல வல்லுநரோ, பிள்ளையின் நலம் நாடிச் செயல்படும் வேறொருவரோ ஆவர்.